இடைக்கழிநாட்டுச் சீறியாழ்

லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவயதில் ஊதிப் பழகிய கார்னெட், நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் இசை பிறந்த இடத்தைக் கேட்டால், அங்கே ஒரு கருவியைக் கைகாட்ட முடியும். நம் பாணர்கள் தோளில் சுமந்த யாழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மரமும் தோலும் நரம்பும் மட்கிப் போயின. கல்லிலாவது அதன் சுவடு தெரியுமா என்று பார்க்கத்தான் மாமல்லபுரம் போனேன்.

அர்ச்சுனன் தபசுப் பாறையில் கின்னர இணைகள் உண்டு. இடுப்புக்கு மேல் மனிதர், கீழே பறவை. பெண்ணின் கையில் தாளம், ஆணின் கையில் நரம்புக் கருவி. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தேன். யாழுக்கு உரிய, வில்லாக வளைந்த கோடு இல்லை, நேரான தண்டு. வீணைதான். இந்தப் பாறையைச் செதுக்கியது 7ஆம் நூற்றாண்டில். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று யாழ் வாசித்ததும் அதே நூற்றாண்டில்தான். யாழ் ஒலித்துக்கொண்டிருந்தபோதே அரசர்களின் மனம் வீணைப் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டில் ராஜசிம்மப் பல்லவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்களில் ஒன்று ‘வீணா நாரதன்’.

பக்கத்துத் தெருவில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பட்டறையில் வயதான சிற்பி ஒருவரிடம் யாழைப் பற்றிக் கேட்டேன். “வளைவை அடிச்சிடலாம்ங்க. நரம்பைக் கல்லுல தனியா இழுக்க முடியாது, உடைஞ்சிடும்” என்றார்.

ஆனால் சொல்லில் இழுத்துக் காட்டியவர் ஒருவர் இதே கடற்கரையில் இருந்தார். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில், செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. மதியம் புதுச்சேரி பேருந்தில் ஏறினேன். பாலாற்றுப் பாலம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய்க் கடப்பாக்கத்தில் இறங்கினால் அந்த ஊர்தான். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். நான் கோட்டைக்குப் போகவில்லை.

நத்தத்தனாரின் பாணன் சீறியாழ் என்னும் சிறிய யாழோடு நடந்த வழியில் எயிற்பட்டினம் வருகிறது. இன்றைய மரக்காணம் பக்கம் அது என்பார்கள். அங்கே பரதவர் அவனுக்குப் பழைய கள்ளும் சுட்ட குழல்மீனும் தருகிறார்கள். பிறகு, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் அவையைச் சொல்லும்போது புலவர் கருவியின் அருகிலேயே போய்விடுகிறார். யாழின் குடமான பத்தரைப் போர்த்த தோலுக்குக் குமிழம்பழத்தின் நிறம். கோட்டில் நரம்பை இறுக்கும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். குரங்கின் பிடியில் அகப்பட்ட பாம்பு அதன் கையைச் சுற்றி இறுக்குவதும் நெகிழ்வதுமாக இருப்பதைத் திவவுக்கு உவமை சொல்கிறார். சுருதி சேர்க்கும் கையைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவருக்கு இது வராது.

இந்தச் சொற்கள்தான் நம்மிடம் எஞ்சிய யாழ். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இப்படிப்பட்ட பழந்தமிழ்ச் சொற்களை வைத்துத்தான் ‘யாழ் நூல்’ எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். இன்று சென்னையில் தருண் சேகர் யாழைத் திரும்பவும் மரத்தில் செய்து வாசிக்கிறார்.

அப்படி ஒரு சீறியாழை, நத்தத்தனார் சொன்ன நிறத்தில், சொன்ன கட்டோடு செய்து இடைக்கழிநாட்டில் வைக்க வேண்டும். கண்ணாடிக்குள் பூட்டாமல், அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மடியில் வைத்து மீட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.