விடியுமுன் ஒன்றரைச் சுற்று

போன வைகாசியில் வீட்டு வாசலுக்கு ஒரு தம்பி வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். கொட்டகையில் நின்ற என் மாசி டிராக்டரைப் பார்த்தான். "பெரியவரே, இதை எடைக்குப் போட்டாலே நல்ல காசு வரும். புதுசுக்கு எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தர்றோம்" என்றான். போனட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை, கியர் ஆயிலை விரலில் தொட்டுப் பார்க்கவில்லை. பெயின்ட் உதிர்ந்ததை வைத்தே விலை சொல்லிவிட்டான். எந்தக் கம்பெனி ஆள் என்று சொல்லமாட்டேன். மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். ராத்திரி தூக்கம்தான் வரவில்லை.

வண்டி 1984 மாடல் மாசி பெர்குசன் 1035. சிம்சன் எஞ்சின், மூன்று சிலிண்டர். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் பக்கம் இந்த வண்டி உழாத வயலே இல்லை. அதன் வயதை வைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். டெல்டாவில் டிராக்டர் கிழமாகிச் சாவதில்லை. தண்ணீர் குடித்துச் சாகிறது.

மேட்டாங்காட்டில் வண்டி புழுதியில் ஓடும். இங்கே கேஜ் வீலை மாட்டிக்கொண்டு ஆக்ஸில் முங்கச் சேறடிக்கிறோம். ஆக்ஸில் முனையில் இருக்கும் ஆயில் சீல் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். சேறும் மணலும் அரைத்து அரைத்து அதன் உதடு தேயும். உள்ளே எண்ணெய் குடித்துப் பிரேக் ஷூ வழுக்கும், வெளியே இருந்து தண்ணீர் உள்ளே போகும். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். தண்ணீர் கலந்து அது பால் ஆகிவிட்டால், கலப்பையைத் தூக்கும்போதே கை நடுக்கம் மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் பம்ப், அப்புறம் பேரிங், அப்புறம் நடவு நேரத்தில் வண்டி மிஸ்திரி வீட்டில்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மிஸ்திரி வாயாடி இல்லை. முதல் நாள் ஒரு சோடா பாட்டிலைத்தான் கையில் கொடுத்தார். "ராத்திரி முழுக்க வண்டி நின்னா தண்ணி அடியில தங்கும், எண்ணெய் மேல நிக்கும். விடியறதுக்கு முன்னாடி, செல்ஃபைத் தொடறதுக்கு முன்னாடி, ட்ரெயின் ப்ளக்கை ஒன்றரைச் சுத்து இளக்கு. தண்ணி வரட்டும். எண்ணெய் தலையைக் காட்டுனதும் மூடு. வந்த தண்ணியை இதுல புடிச்சு வை" என்றார். ஸ்டார்ட் பண்ணிவிட்டால் முடிந்தது கதை. பல் சக்கரம் கடைந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும், அப்புறம் பிரியாது.

தண்ணீரை எதற்குப் பாட்டிலில் பிடித்துவைக்கச் சொன்னார் என்று ஒரு போகம் முடியும்வரை எனக்குப் புரியவில்லை. அதுதான் அவருடைய மீட்டர். ஒரு நாள் சேறடித்தால் இரண்டு விரற்கடைத் தண்ணீர் வருவது சகஜம். மூன்றானால் கவனி. "நாலு வந்தா சீலை மாத்து. ஆறு வந்தா என்கிட்ட வராத" என்பார். இது எந்த மேனுவலிலும் இருக்காது. ஒரு வண்டியின் கணக்கு இன்னொரு வண்டிக்கு ஒத்தும் வராது.

சீல் மாட்டுவதிலும் அவருக்குத் தனிக் கை. பழைய சீலின் உதடு ஓடி ஓடி ஷாஃப்டில் ஒரு கோடு விழுந்திருக்கும். புதுச் சீலை அதே இடத்தில் உட்காரவைத்தால் உதடு அந்தப் பள்ளத்தில் விழுந்து முதல் நாளே ஒழுகும். அவர் நூலளவு முன்னே தள்ளித் தட்டுவார், உதடு தேயாத இரும்பில் நிற்கும். கடைப் பையன்கள் கேட்பார்கள்: "சீல் புதுசுதானே அண்ணே, ஏன் ஒழுகுது?" சீல் புதுசுதான், ஷாஃப்ட் பழசு தம்பி.

2008இல் நிஷா புயல். கார்த்திகை மழை நாள்கணக்கில் கொட்டி, கொட்டகையில் சீட்டு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த அன்றே பக்கத்துத் தெருக்காரர் ஆசையில் செல்ஃப் அடித்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அமுங்குமா? கனெக்டிங் ராடு வளைந்துபோனது. எழுபதைத் தாண்டிய மிஸ்திரி முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "செல்ஃபைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்பதுதான் முதல் பேச்சு. நாசில் மூன்றையும் கழற்றினோம். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெல்லச் சுற்றினால், இரண்டாம் சிலிண்டரிலிருந்து தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, எல்லா ஆயிலையும் இரண்டு தடவை மாற்றினோம். நான்காம் நாள் வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. அவர் கூலி வாங்கவில்லை. பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

வெள்ளத்துக்குப் பயப்படுகிறவர்கள் வறட்சிக்குப் பயப்படுவதில்லை. அது தப்பு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பதுதான் வழக்கம். 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2016இல் செப்டம்பர் 20ஆம் தேதி திறந்தார்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. சம்பா கருகியது. உழவு இல்லாமல் நின்ற வண்டியில் சீல் காய்ந்து விறைக்கும், எலி வயரைக் கடிக்கும், டீசல் டேங்கின் அடியில் வேர்வை கோத்துத் தண்ணீராகும். வெள்ளிக்கிழமை தவறாமல் இருபது நிமிஷம் ஓட்டி, ஹைட்ராலிக்கை ஏற்றி இறக்கிக் குளத்தைச் சுற்றிக்கொண்டு வருவேன். "டீசலைக் கொண்டுபோய்க் கொளத்துல ஊத்தறாரு" என்று சிரித்தார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே தண்ணீர் திறந்தபோது, ஆனியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தவர்கள் என் வாசலில் நின்றார்கள். நானும் கொஞ்சம் நிற்கவைத்தேன். சிரித்தவர்கள்தானே.

புது வண்டிகளைக் குறை சொல்லவில்லை. பவர் ஸ்டீரிங்கும் எண்ணெயில் ஊறும் பிரேக்கும் என் இடுப்புக்கு நல்லதுதான். 2023 முதல் ஐம்பது குதிரைசக்திக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு நவீன புகைக் கட்டுப்பாடு வந்து, எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது வேறு படிப்பு. எனக்குக் கோபம் வண்டி மேல் இல்லை, கைகள் மேல். மணிக்கணக்குக் கூலிக்கு வரும் டிரைவர், ரொட்டவேட்டரை ஒரே ஓட்டு ஓட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறான். பெல்ட் அறுவடை மெஷின் அறுத்துப் போட்ட நீள வைக்கோல் ஆக்ஸிலில் சுற்றிச் சீலை அறுப்பதை இறங்கிப் பார்க்கமாட்டான். நாங்கள் கருக்கரிவாளோடு படுத்து அறுத்தெடுத்தோம். ராத்திரி நேராக வாட்டர் சர்வீஸுக்குப் போய், சீல் இருக்கும் இடத்தில் துப்பாக்கியை வைத்துப் பீய்ச்சுகிறார்கள். சேறு செய்யாததை அந்தத் தண்ணீர் செய்கிறது. வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும் என்றால், "அந்தக் காலத்து ஆளு" என்கிறார்கள். பாட்டு கேட்க மட்டும் ஸ்பீக்கர் நான்கு.

மிஸ்திரி 2011இல் போய்ச் சேர்ந்தார். எனக்கு மூட்டு விட்டுப்போனது. இந்தக் குறுவையிலிருந்து வண்டி பையன் கையில். ப்ளக் விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். "சரிப்பா" என்றான். அவன் எழுந்திருப்பது ஏழு மணிக்கு.

நாலரைக்கு நான் டார்ச்சும் பாட்டிலுமாகக் கொட்டகைக்குப் போகிறேன். படுத்து எழ இப்போது ஒரு கையை டயரில் ஊன்றவேண்டியிருக்கிறது. நேற்று மூன்று விரற்கடை வந்தது. ஏழரைக்கு அவன் வந்து செல்ஃப் அடித்துப் போகிறான். டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தானாம்: "எங்கப்பா சும்மா பயமுறுத்துறாரு. நான் ப்ளக்கைத் தொட்டதே இல்ல, எண்ணெய் பால் ஆவலையே."

கேள்விப்பட்டுச் சிரிப்பு வந்தது. அவனிடம் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. ஒரு நாள் காலை போகாமல் படுத்திருந்தால் அவனே கற்றுக்கொள்வான் என்பதும் தெரியும். ஆனால் அதற்கு விலை ஒரு வண்டி எண்ணெய், ஒரு பம்ப். நாலரை மணி ஆனால் என் கால் தானாகக் கொட்டகைக்குப் போய்விடுகிறது.