குல்மர்க்கில் நான்கு நாள்

பிப்ரவரி 3
மூன்றாவது நாளாக விடாத பனி. கோண்டோலா கேபிள் காரின் மேல்கட்டமான ஃபேஸ் டூ மூடிக் கிடக்கிறது. அறையில் புகாரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நூன் சாய் குடிப்பதுதான் வேலை. கடுங்குளிர்க் காலமான சில்லை கலானில் விழ வேண்டிய பனி, அதற்கடுத்த சில்லை குர்தில் வந்து கொட்டுகிறதே என்று வழிகாட்டி பாய்க்குக் கவலை. எனக்கோ கொண்டாட்டம்.

பிப்ரவரி 4
பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் பீக்கன் கருவியோடு பயிற்சி. என் பையைப் பாய் எங்கோ புதைத்துவிட்டார். அம்புக்குறி காட்டிய பக்கம் ஓடி, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, தோண்டி எடுக்க 22 நிமிடம். புதைந்தவரைக் கால் மணிக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்குப் பிறகு மளமளவென்று குறைந்துவிடும். "உங்க பை செத்துப்போச்சு சார்" என்றார் இந்தியில்.

பிப்ரவரி 5
பளிச்சென்ற நீலவானம். ஃபேஸ் டூவில் ஏறி அஃபர்வட் மலைமேலே, ஏறக்குறைய 13,000 அடி. கீழே கிலன்மர்க், 2010 பிப்ரவரியில் பயிற்சியிலிருந்த ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் இறந்த இடம். ஸ்கீ ரோந்துக் குழு காக்கும் எல்லையைத் தாண்டினோம். சரிவை அளந்தால் 36 டிகிரி. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரைதான் அதிகம் சரியுமாம். ஸ்கீ பித்தர்களுக்குப் பிடித்ததும் அதேதான்!

பனியடுக்குகளைச் சோதிக்க ஓரமாகக் குழி வெட்டினார் பாய். மேலே காற்று அடித்து இறுக்கிய பனிப் பலகை. அடியில், தரையையொட்டி, டிசம்பரில் மெல்லிசாக விழுந்த பனி. கீழே தரைச்சூடு, மேலே கடுங்குளிர் என்று வாரக்கணக்கில் கிடந்து பரலாகிவிட்டது. அள்ளினேன்; ரவை போல விரலிடுக்கில் உதிர்ந்தது, உருண்டை பிடிக்க வரவில்லை. பனியைத் தூண்போல் செதுக்கி, மேலே மண்வெட்டியை வைத்து மணிக்கட்டால் பத்துத் தட்டு. அசையவில்லை. முழங்கையால் மூன்றாவது தட்டில் பலகை மொத்தமாக, மேசை டிராயர் மாதிரி வெளியே வழுக்கியது.

"வாபஸ், திரும்பிவிடலாம்" என்றார் பாய்.

அந்த நேரம் பார்த்து வேறு ஐந்து பேர் வந்தார்கள், குழியை எட்டிப் பார்த்தார்கள், கூவிக்கொண்டே இறங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாய் பேசாமல் குழியை மூடினார். கோண்டோலாவிலேயே இறங்கினோம்.

பிப்ரவரி 6
பாபாரிஷி பக்கம், காட்டுக்குள், சாய்வு குறைந்த வழியாக ஸ்கீ. நேற்றைய ஐந்து கோடுகளும் மேலே அப்படியே இருக்கின்றன. சரிவு இன்றும் சரியவில்லை. மலைமேலிருந்து ஸ்கீயில் இறங்காமலே ஃபேஸ் டூ டிக்கெட் காசு போனதுதான் மிச்சம். அடுத்த வருஷமும் இந்தப் பாயைத்தான் கூப்பிடுவேன்.