ஆழ உழுத பின் அகல உழுங்கள்

நீர், எரிசக்தி, மண்வளம் என்று நிலைத்த வாழ்வுக்கான ஆய்வில் இறங்க ஆசைப்பட்டு, என்னிடம் யோசனை கேட்டு வரும் இளைஞர்கள் இப்போது அதிகம். பொறியியல் படித்தவர் சமூகவியலில் ஆய்வு செய்யலாமா, தாவரவியல் மாணவிக்குப் பொருளியல் பேராசிரியர் வழிகாட்டியாக இருக்கலாமா என்று கேட்கிறார்கள். பல துறைகள் கூடிச் செய்யும் இந்த வேலையில்தான் என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி கழிந்தது. பிள்ளைகளே, அதில் கண்டதையும் பட்டதையும் என் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல உங்களிடம் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள் உண்டு. அவற்றில் ஒன்றை, தென்மாவட்டத்து வறண்ட ஊர் ஒன்றில், எங்கள் மாணவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். சிவில் படித்த மாணவர் கரையை அளந்து, வண்டலைக் கணக்கிட்டு, கொள்ளளவு குறைந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்றார். கணக்கில் பிழை இல்லை. பொருளியல் மாணவி வேறொரு பட்டியலைத் தயாரித்தார்: ஆயக்கட்டில் யார் யாருக்குச் சொந்தக் கிணறு இருக்கிறது என்பது. விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமான பிறகு, கிணறு வைத்திருந்தவர்களுக்குக் கண்மாய்த் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அவர்கள் மராமத்துக்கு ஆள் அனுப்புவதையும், மடை திறந்து நீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளப்பதையும் மெல்ல நிறுத்தியிருந்தார்கள். கண்மாயை மட்டுமே நம்பியிருந்தவர்கள் கிணறு வெட்ட வழியில்லாத சிறு விவசாயிகள்தாம்.

மூன்றாவதாக உண்மை சொன்னவர் அந்த நீர்ப்பாய்ச்சி. முதியவர். மடைக்கல்லில் வெட்டியிருந்த கோடுகளை விரலால் தொட்டுக் காட்டி, எந்தக் கோட்டுக்கு நீர் நின்றால் எத்தனை நடைத் தண்ணீர் விடலாம் என்று மாணவர்களுக்குச் சொன்னார். பிறகு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் நெடுகிலும் வெயிலில் அவர்களை நடத்திச் சென்றார். ஓரிடத்தில் சீமைக்கருவேலம் புதராய் அடைத்திருந்தது. இன்னோரிடத்தில் பக்கத்து வரப்பு கால்வாய்க்குள் நீண்டு பாதி அகலத்தைத் தின்றிருந்தது. “கண்மாயை எவ்வளவு ஆழம் தோண்டுனாலும், வரத்துக்கால் இப்படிக் கெடந்தா தண்ணி எங்கிட்டிருந்து தம்பி வரும்?” என்றார்.

மூவர் சொன்னதும் உண்மை. ஆனால் மூன்று அத்தியாயங்களை ஓர் அட்டைக்குள் தைத்துவிட்டால் அது கூட்டாய்வு ஆகிவிடாது. பொருளியல் மாணவியின் பட்டியலைப் பார்த்தபின் பொறியியல் மாணவரின் கணக்கு மாறவேண்டும். முதியவரோடு நடந்தபின் இருவர் கணக்கும் மாறவேண்டும். அந்த ஆய்வில் அது நடந்தது. முதலில் வரத்துக்கால், அடுத்து நீர்ப்பாய்ச்சியின் கூலிக்கு ஒரு வழி, அதன் பிறகே தூர்வாருதல் என்று பரிந்துரை திருத்தி எழுதப்பட்டது. இதற்கு எல்லாரும் ஒரே மேசையில் பலமுறை உட்கார வேண்டியிருந்தது. பொறுமையில்லாதவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். இருந்தவர்கள் கற்றார்கள்.

இந்த வழியில் நமக்கு முன் நடந்தவர்களை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ‘அஸ்த்ரா’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் கிராமங்களுக்குப் பயன்படச் செய்வது அதன் நோக்கம். அதற்கு முன்னின்றவர் அமுல்ய ரெட்டி. அவர் ஒரு மின்வேதியியல் அறிஞர். அதே துறை அறிஞர் போக்ரிஸுடன் சேர்ந்து எழுதி 1970இல் வெளியான அவரது பாடநூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. அப்படிப்பட்டவர் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களின் அடுப்பையும் விறகையும் ஆராயப் போனார். ஒரு வீட்டின் சமையலுக்கு எவ்வளவு விறகு வேண்டும், அதைச் சுமப்பவர் யார், தண்ணீருக்கு நடப்பவர் யார் என்று அவர் குழு கணக்கெடுத்தது. சுமையின் பெரும்பங்கைப் பெண்களும் குழந்தைகளும் தாங்குவது அந்தக் கணக்கில் எண்ணாகவே வெளிப்பட்டது. எரிசக்தி என்றால் அணையும் அனல்மின் நிலையமும் என்று மட்டுமே பேசிய காலத்தில் அது பெரிய காரியம்.

அங்கே புரா என்றொரு சிற்றூர். ஊர் மாடுகளின் சாணத்தைக் கொண்டு பொதுச் சாண எரிவாயுக் கலன் கட்டி, எல்லா வீட்டுக்கும் சமையல் எரிவாயு தருவது முதல் திட்டம். அது நிலைக்கவில்லை. எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதுமான சாணம் கிடைக்கவில்லை. ஊர் மக்களுக்கும் அதைவிட அவசரமான தேவை ஒன்று இருந்தது. அது குடிநீர். 1987இல் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. அதே எரிவாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுத்து, ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் தந்தார்கள். வீடுகளுக்கு விளக்கும் கிடைத்தது. சாணம் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குச் சிறு தொகை தரப்பட்டது. எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் சாணக் கரைசல் உரமாக அவர்களிடமே திரும்பிப் போயிற்று. நிர்வாகத்தில் ஊராரும் பொறுப்பேற்றார்கள். 

புராவின் கலன் என்றென்றும் ஓடவில்லை. பல ஆண்டுகள் ஓடி நின்றது. அதனால் அதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. பல ஆண்டுக் காலம் ஓர் ஊரின் பெண்கள் தண்ணீருக்காகத் தொலைவு நடக்காமல் இருந்தார்கள். தன் முதல் திட்டம் சரியில்லை என்று தெரிந்ததும், ஊரைக் குறை சொல்லிவிட்டு ஓடாமல், அங்கேயே இருந்து கேள்வியை மாற்றிக்கொண்டது ஒரு பல்கலைக்கழகக் குழு. அப்படித் தங்கி நிற்கும் மனத்திண்மை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அது பழகிப் பழகி வருவது. அஸ்த்ராவே பின்னாளில் அதே கழகத்தின் நிலைத்த தொழில்நுட்ப மையமாக வளர்ந்து நிற்கிறது.

ரெட்டியின் வாழ்விலிருந்து இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் முதலில் ஒரு துறையில் முழுமையாகத் தேர்ந்தவர். அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள் நம் பெரியவர்கள். எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவருக்குக் கருத்தரங்கில் நாற்காலி கிடைக்கும். கண்மாய்க் கரையில் அவரால் பயன் இல்லை. வேதியியலோ வரலாறோ ஒன்றை ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அடுத்த துறையின் வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். அங்கே உங்களை விட இளையவர் உங்களுக்குச் சொல்லித்தருவார். அதில் தலைகுனிவு ஏதுமில்லை.

இந்த வழிக்கு விலை உண்டு என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பதவி உயர்வு நேர்காணல் ஒன்றில், “உங்கள் கட்டுரைகள் எங்கள் துறை இதழ்களில் இல்லையே, நீங்கள் உண்மையில் எந்தத் துறை?” என்று என்னைக் கேட்டார்கள். உயர்வு தள்ளிப்போயிற்று. என்னோடு சேர்ந்தவர்கள் முந்திச் சென்றார்கள். அன்று மனம் வருந்தியது உண்மை. ஆனால் ஊர்களில் தொடங்கிய வேலையை நிறுத்தவில்லை. உயர்வு காலம் கடந்து வந்தது. நிறுத்தியிருந்தால் உயர்வு முன்னரே வந்திருக்கலாம். அந்த ஊர்களுக்கு நான் பயன்பட்டிருக்க மாட்டேன். இதை எடைபோட்டுப் பார்க்க எனக்கு ஒருபோதும் நெடுநேரம் ஆனதில்லை.

ஆசிரியப் பணிக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் பாடமாக்கச் சொன்னது. அந்த வழக்கின் வழியாகவே இளநிலைப் பட்ட வகுப்புகள் எல்லாவற்றிலும் அது கட்டாயத் தாளாயிற்று. அரிய வாய்ப்பு அது. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் அது தேர்வுக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்யும் தாளாகச் சுருங்கிவிட்டது. எனக்கு இது தீராத வருத்தம்.

அதைப் பாடமாக நடத்த வழி இருக்கிறது. ஒருமுறை மாணவர்களிடம், உங்கள் விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து வரச் சொன்னேன். அலுவலகத்தில் இருந்த வரைபடம் பழையது; பின்னால் கட்டிய கட்டடங்கள் அதில் இல்லை. விடை தெரிந்தவர் வளாகத்தின் பிளம்பர் ஒருவர்தான். அவர் மூடிகளைத் தூக்கித் திறந்து காட்டக் காட்ட, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். மதில் சுவருக்கு வெளியே திறந்த ஓடையில் குழாய் முடிந்தது. ஓடையின் மறுகரையில் ஒரு பெண் கீரைப் பாத்திக்கு அந்த நீரையே இறைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கீரை எங்கே விற்கிறது என்று ஒரு மாணவி கேட்டார். விடுதிச் சமையற்கூடத்துக்கும் வருகிறது என்று தெரிந்தது. வேதியியல், பொதுச் சுகாதாரம், வாழ்வாதாரம், நிர்வாகம் எல்லாம் அந்த ஒரு பிற்பகலில் ஒன்றாக வந்து நின்றன. அந்தப் பெண்ணிடம் கீரை பயிரிடாதே என்று சொல்வது எளிது; ஆனால் அவர் அடுப்பு எப்படி எரியும் என்று அந்தப் பிள்ளைகளே கேட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் ஆய்வுக்கென்று ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால், கோடையிலும் போங்கள், மழையிலும் போங்கள். அங்கு உங்களோடு வெயிலில் நடந்தவருக்குக் கூலி கொடுங்கள். அவர் சம்மதித்தால் நன்றியுரையில் அவர் பெயரையும் எழுதுங்கள். பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டை எளிய தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கி எழுதி, அந்த ஊர்க் கூட்டத்தில் நீங்களே படித்துக் காட்டுங்கள். அவர்கள் மறுத்துப் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள்.