ஹெரால்டுக்கு ஒரு பிஸ்டன்

தாம்பரத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செல்வோர் பெருங்களத்தூரில் காணும் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, ஒரு காலத்தில் கார்கள் உருவான தொழிற்சாலையின் நிலத்தில் எழுந்தது. யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கூட்டாகத் தொடங்கி, 1948இல் பதிவான ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வேன்கார்டு காரை உதிரிகளாகத் தருவித்துப் பூட்டுவதில் தன் வேலையை ஆரம்பித்தது. உதிரிகளைப் பூட்டுவதோடு நிற்காமல் படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கே இந்தியாவில் இடமுண்டு என்று 1953இல் அரசு முடிவெடுத்தபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. இந்துஸ்தான், பிரீமியர் ஆகியவற்றுடன் ஸ்டாண்டர்டும் நிலைத்தது. 1961இல் ஹெரால்டு, 1972இல் கஸெல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று தொடர்ந்த அந்த வரிசை 1988இல் உற்பத்தி நின்றதோடு முடிந்தது.

அந்த ஹெரால்டுகளில் சில இன்னும் சென்னையில் ஓடுகின்றன. அவற்றை ஓட வைத்திருப்போரின் பெரும் கவலை எஞ்சின் உதிரிபாகம். அம்பாசிடருக்கு இந்தக் கவலை குறைவு; அது 2014 வரை உற்பத்தியில் இருந்தது, நாடெங்கும் பெருந்தொகையாக ஓடியது, ஆகவே அதன் பாகங்களைச் செய்து விற்பது லாபமான தொழிலாக நீடித்தது. ஹெரால்டின் எண்ணிக்கையோ அதனுடன் ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. ஆயினும் எண்ணிக்கைக் குறைவைவிட ஆழமான காரணம் ஒன்று அந்த எஞ்சினின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் அதே கார் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959இல் 948 சி.சி. எஞ்சினுடன் வெளிவந்தது; 1961இலேயே 1147 சி.சி.க்கும், 1967இல் 1296 சி.சி.க்கும் வளர்ந்தது. பெருங்களத்தூரில் செய்த ஹெரால்டோ கடைசிவரை 948 சி.சி. எஞ்சினையே வைத்துக்கொண்டது. சிலிண்டரின் உள்விட்டத்தை போர் என்றும், பிஸ்டன் மேலும் கீழும் சென்றுவரும் தூரத்தை ஸ்ட்ரோக் என்றும் சொல்வார்கள். இந்த மூன்று எஞ்சின்களுக்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ. தான், போர் மட்டும் 63, 69.3, 73.7 மி.மீ. என்று மாறியது. ஒரே குடும்பத்து எஞ்சின்களாக இருந்தும் ஒன்றின் பிஸ்டன் மற்றொன்றில் ஏறாததற்கு இதுவே காரணம். இங்கிலாந்தில் பழங்கார்களுக்கான உதிரிபாக வணிகம் செழிப்பாக நடந்தாலும், அங்கே ஹெரால்டு என்று மட்டும் சொல்லிக் கேட்பவருக்குப் பெரிய எஞ்சினின் பாகம் வந்து சேரும் ஆபத்து மிகுதி. ஆகவே தேடலின் முதல் படி காரின் பெயரன்று, அளவு. மைக்ரோமீட்டர் வைத்து அளந்து எழுதிய தாள் ஒன்று கையில் இல்லாதவர் எந்தக் கடைக்கும் போகாமலிருப்பதே நல்லது.

அளவுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஓடி ஓடித் தேய்ந்த சிலிண்டரைப் பட்டறையில் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது ரீபோர். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தவு என்று பட்டறைக்காரர்கள் வழங்குவதால், முப்பது தவு ஓவர்சைஸ் என்றால் 63 மி.மீ. போர் 63.76 மி.மீ. ஆகிவிட்டது என்று பொருள். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் பலமுறை கடையப்பட்ட சிலிண்டரில் சுவர் மெலிந்து, மேலும் கடைய இடமில்லாமல் போகும்போது, உள்ளே வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுக்கி மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஸ்லீவ் போடுவது என்பது இதுதான். சரியான பிஸ்டனும் கிடைக்காதபோது வேறொரு வண்டியின் பிஸ்டனைத் தகவமைக்க முயல்வோர் விட்டம் பொருந்துகிறதா என்பதோடு நின்றுவிடக் கூடாது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பின்னின் தடிமனும், அந்தப் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் தலைவரை உள்ள உயரமும் பொருந்த வேண்டும். உயரம் கூடினால் பிஸ்டன் சிலிண்டர் ஹெட்டில் இடிக்கும், குறைந்தால் அழுத்தம் குறைந்து வண்டி இழுக்காது.

எவ்வளவு சிறிய பாகம் எவ்வளவு பெரிய கேட்டைத் தடுக்கிறது என்பதற்கு இந்த எஞ்சினின் திரஸ்ட் வாஷர் நல்ல சான்று. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க அதன் பின்பக்க மெயின் பேரிங் அருகே வைக்கப்படும் பிறை வடிவத் தகடுகள் இவை. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் சுமை இவற்றின் மேல் விழுகிறது. மிகவும் தேய்ந்தால் கழன்று கீழே ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும், அதன்பின் கிராங்க் நேரடியாக பிளாக்கை அரிக்கத் தொடங்கும். பிளாக் கெட்டால் மாற்று பிளாக் தேடுவது பிஸ்டன் தேடுவதைவிடப் பன்மடங்கு கடினம். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லி அசைகிறதா என்று பார்த்தாலே போதும். ஹெரால்டு வைத்திருப்போர் அனைவரும் இந்தச் சோதனையை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

ஸ்டாண்டர்டு 2000இன் கதை வேறு. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காருடையது, எஞ்சின் 1940களின் வேன்கார்டு வழியில் வந்த 1991 சி.சி.; அந்தப் பொருந்தாத இணைப்பு விற்பனையில் அதைக் கைவிட்டது என்றாலும், உதிரிபாகம் தேடுவோருக்கு அதுவே வழிகாட்டியாகிறது. வேன்கார்டு எஞ்சின் வெட் லைனர் வகை. அதாவது சிலிண்டர்கள் பிளாக்கில் கடையப்படாமல், குளிர்விக்கும் நீர் சூழ நிற்கும் தனிக் குழாய்களாக இருப்பதால், தேய்ந்தவற்றைக் கழற்றிப் புதியன போடலாம். ஃபெர்குஸன் டிராக்டரிலும் டிரையம்ஃப் டி.ஆர்.2, டி.ஆர்.3 ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஓடியது இந்தக் குடும்பத்து எஞ்சினே, டி.ஆர்.2இன் கொள்ளளவும் 1991 சி.சி. தான். அந்த ஸ்போர்ட்ஸ் கார்களை உலகெங்கும் விரும்பிக் காப்பாற்றுவோர் இருப்பதால், லைனரின் அடியில் வைக்கும் எட்டு வடிவ கேஸ்கெட் முதற்கொண்டு அவற்றின் பாகங்கள் புதிதாகவே செய்யப்படுகின்றன. பெருங்களத்தூரில் எஞ்சிய எஸ்.டி.1 பாகங்களையோ, இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாக நிறுவனம் மொத்தமாக வாங்கிச் சென்று உலகம் முழுவதும் விற்றது. இங்கிருந்து கப்பலேறிய பாகத்தை இங்குள்ளவரே அயல்நாட்டு விலைக்கு வாங்க வேண்டிய நிலை வருத்தத்துக்குரியது.

உள்ளூரில் தேடுவோருக்குப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளும், பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையும், காயலாங்கடைகளும் உண்டு. ஆனால் அங்கே கண்ணில் படும் வால்வோ ராக்கர் ஷாஃப்டோ எந்த எஞ்சினுடையது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த மெக்கானிக்குகள் வேகமாகக் குறைந்து வருகிறார்கள். இரும்பைக் கடைந்து புதிய பாகம் செய்ய கிண்டியிலும் அம்பத்தூரிலும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை; அவர்களுக்குத் தேவைப்படுவது வரைபடம், பாக எண், அனுமதிக்கப்பட்ட இடைவெளி ஆகியவை அச்சிடப்பட்ட தொழிற்சாலைக் கையேடு. அத்தகைய கையேடுகளும் பாகப் பட்டியல்களும் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றோரின் குடும்பங்களில், தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடும். அவற்றைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல், மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழங்கார் சங்கத்துக்கோ, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகத்துக்கோ தெரிவித்து, படியெடுக்கவாவது அந்தக் குடும்பத்தார் கொடுத்துதவ வேண்டும்.