அழாத காவலர்

என் கதையின் காவலரை முதல் படியில் அழவைத்துவிட்டேன். பெரிய தப்பு.

கதை நடப்பது போலந்தின் வூச் நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவில், 1942 செப்டம்பரில். 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் 65 வயதைத் தாண்டியவர்களையும் ஒப்படைக்கச் சொன்னார்கள் நாஜிகள். யூத நிர்வாகத் தலைவர் ரும்கோவ்ஸ்கி 4ஆம் தேதி பெற்றோர் கூட்டத்தின் முன் நின்று, பிள்ளைகளைத் தரச்சொல்லிக் கேட்டார். மறுநாள் ஊரடங்கு. யூதக் காவலர்களே வீடு வீடாக ஏறினார்கள். அந்தக் காவலர்களின் சொந்தப் பிள்ளைகளை மட்டும் விட்டுவிடுவதாக வாக்கு. 12ஆம் தேதிக்குள் 15,000 பேருக்கு மேல் ஹெல்ம்னோ கொலை முகாமுக்குப் போய்விட்டார்கள்.

அந்த வாக்கை நம்பிப் போன ஒருவர்தான் என் ஆள். வீடு திரும்புகிறார், மகளைக் கட்டிக்கொண்டு குமுறுகிறார். அதைப் படித்த நண்பர் கண் கலங்கினார். எனக்கு அப்போதுதான் உறுத்தியது. அழுததும் காவலரின் கணக்கு தீர்ந்துவிட்டது. தீர்த்துவிட நான் யார்?

பிறகு அந்த கெட்டோவின் நாட்குறிப்பேட்டைப் படித்தேன். நிர்வாகத்தின் ஆவணப் பிரிவே எழுதிவைத்தது. முதலில் அன்றைய வானிலை, பிறப்பு, இறப்பு, ரேஷன் அளவு. கண்காணிப்புக்குப் பயந்து எழுதிய அடக்கமான நடை. அந்த வறட்சியில் இருந்த பாரம் என் கண்ணீர்க் காட்சியில் இல்லை.

அதே கெட்டோவில் சிறுவனாக இருந்தவர் யூரெக் பெக்கர். திரைக்கதையாக எழுதியது படமாகாமல் போகவே, அதை 1969இல் ‘பொய்யன் யாக்கோப்’ என்று நாவலாக்கினார். தன்னிடம் ரேடியோ இருப்பதாகச் சொல்லி, நல்ல சேதியாகப் புனைகிறவனின் கதை. பெக்கர் அவனைத் திட்டவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. முடிவையே இரண்டாக எழுதிவைத்தார். அவருக்குச் சிரிக்கவும் வந்தது. எனக்கு அது கைவரவில்லை, முயலவும் இல்லை.

என் அடுத்த படியில் காவலர் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறார். பக்கத்து வீட்டுச் சிறுமி எங்கே என்று மகள் கேட்கிறாள். அவர் சூப்பை அடிவரை கலக்கி, மேலே வந்த ஒரே கிழங்குத் துண்டை அவள் கிண்ணத்தில் போடுகிறார். அப்புறம் ஒரு பொய் சொல்கிறார்.

அந்தப் பொய் முதலில் ஒரு பத்தி நீளம் இருந்தது. நான்கு முறை திருத்தினேன். இப்போது மூன்றே சொல்: “அத்தை வீட்டுக்குப் போயிருக்கா.”