விண்மீனின் வயதைக் கணித்த மலை

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரத்தில் பரனால் என்றொரு மலை உள்ளது. நான் நேரில் கண்டதில்லை. படித்தறிந்ததைக் கொண்டே உங்களை அங்கு அழைத்துச் செல்கிறேன். பசிபிக் கடல் 12 கிலோமீட்டர் தொலைவில்தான். ஆயினும் மலையில் புல் பூண்டு இல்லை. மழை அரிது, மேகமும் அரிது. அந்த வறட்சியே அம்மலைக்கு வாய்த்த செல்வம்.

உச்சியில் ஐரோப்பியத் தெற்கு விண்ணாய்வகத்தின் நான்கு பெருந்தொலைநோக்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் ஆடியும் 8.2 மீட்டர் அகலம். பணியாளர் விடுதியோ பாதி மண்ணுக்குள் அமைந்தது. இரவானதும் அதன் சாளரங்களை மூடிவிடுவர். விளக்கொளி வெளியே கசியலாகாது.

இங்கிருந்து ஒரு விண்மீனை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ரோஜே கேரெல் குழுவினர், 2001-இல் தம் முடிவை வெளியிட்டனர். அவ்விண்மீனைப் பட்டியல் எண்ணாலேயே குறிப்பிட்டனர். அதன் ஒளியைப் பகுத்தபோது, சூரியனிலுள்ள இரும்பில் ஏறத்தாழ 800-இல் ஒரு பங்கே அதில் தென்பட்டது. முந்தைய விண்மீன்கள் வெடித்துப் பரப்புவதே இரும்பு. ஆகவே இரும்பு குன்றியது மிகப் பழையது. எனினும் இது முதுமையைக் காட்டுமேயன்றி ஆண்டைச் சொல்லாது.

ஆண்டைச் சொன்னது யுரேனியம். ஒரே பொழுதில் பூசிய இரு அத்தர்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றின் மணம் விரைந்து மங்கும், மற்றது நீடிக்கும். எஞ்சிய மணங்களை ஒப்பிட்டே பூசிய நேரத்தை மதிப்பிடலாம். யுரேனியம் பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள்; தோரியத்துக்கோ 1,400 கோடி ஆண்டுகள். இவ்விரண்டின் விகிதமே கடிகாரம். பிற விண்மீன்களில் யுரேனியத்தின் மெல்லிய நிறமாலைக் கோட்டை இரும்பு முதலியவற்றின் கோடுகள் மறைத்துவிடும். இங்கே இரும்பின் வறுமையால் அது கண்ணுக்குப் புலப்பட்டது.

கிடைத்த வயது 1,250 கோடி ஆண்டுகள். 300 கோடி கூடலாம், குறையலாம். "இவ்வளவு பெரிய பிழையா, உஸ்தாத்?" என்று மாணவர்கள் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. தொடக்கத்தில் அவ்விரு தனிமங்களும் எவ்வளவு இருந்தன என்பதைக் கண்டவர் எவருமில்லை. கணித்தே கொள்ள வேண்டும். அந்த ஐயத்தையும் எண்ணாக்கி விடையின் அருகிலேயே எழுதியதனால்தான் அவர்கள்மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அவ்விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதன் இருப்பிடம் திமிங்கல மண்டலம். டிசம்பரில் இரவு எட்டு மணியளவில் மாடியேறித் தெற்கே நோக்குங்கள். அம்மண்டலத்தின் ஒளிமிக்க மீன் உயரத்தில் தெரியும். அதற்கு 'தெனப் கைத்தோஸ்' என்ற பெயரும் உண்டு. 'தனப்' என்றால் வால் என்று உங்கள் வீட்டில் அரபி படிக்கும் பிள்ளைகளே சொல்வார்கள். அதற்குச் சற்று இடப்புறம், வெறும் இருளாய்த் தோன்றும் இடத்தில் இருக்கிறது நம் முதிய விண்மீன்.