கடலில்லா ஊரின் நங்கூரம்

துருக்கி நாட்டின் தலைநகரான அங்காரா, கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், அனத்தோலியப் பீடபூமியின் நடுவே அமைந்துள்ளது. கருங்கடற் கரைக்கும் இந்நகருக்குமிடையே மலைத்தொடர்கள் குறுக்கிடுகின்றன. கப்பல் எட்ட இயலாத இவ்வூரின் பெயருக்கோ நங்கூரம் என்பதே பொருள்! பண்டைக் கிரேக்கர் இதனை ‘அங்கூரா’ என்றனர். நங்கூரத்தைக் குறிக்கும் அவர்தம் சொல்லும் அதுவே.

இப்பெயருக்குக் காரணமாக இரு கதைகள் வழங்கின. தொட்டதெல்லாம் பொன்னாகப் பெற்றவன் என்று சொல்லப்படும் மிடாஸ் மன்னன் இங்கு ஒரு நங்கூரத்தைக் கண்டெடுத்தான் என்பது ஒன்று. அந்நங்கூரம் தம் காலத்திலும் கோயிலில் இருந்ததாகக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பயண நூலாசிரியர் பவுசானியாஸ் எழுதியுள்ளார். எகிப்தியரை வென்ற கலாத்தியர், பகைவர் கப்பல்களின் நங்கூரங்களை வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்தனர் என்பது மற்றொன்று. உரோமையர் காலத்தில் இந்நகர் வெளியிட்ட நாணயங்களிலும் நங்கூரம் பொறிக்கப்பட்டிருந்தது.

சொல்லின் வேரைத் தேடினால் ‘வளைவு’ என்னும் பொருள் கிடைக்கிறது. பாகன் கையிலுள்ள அங்குசமும் அதே வேரில் பிறந்ததே. நாம் வழங்கும் நங்கூரம் என்னும் சொல்லோ, ‘லங்கர்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழியாக நம்மை வந்தடைந்தது. பாரசீகத்தில் அச்சொல், ஏழைகட்கு அன்றாடம் உணவளிக்கும் இடத்தையும் குறிக்கும். சீக்கியரின் குருத்வாராக்களில் அனைவர்க்கும் அமுது படைக்கப்படும் கூடத்திற்கு ‘லங்கர்’ என்று பெயர் இருப்பதை நாம் அறிவோம்.

புனித சின்னப்பர் திருமடல் எழுதிய கலாத்தியரை நாம் மறக்கவியலாது. உரோமையரின் கலாத்திய மாநிலத்திற்கு இந்நகரே தலைநகர். அகுஸ்து பேரரசனுக்கு இங்கு எழுப்பப்பட்ட கோயிலின் சுவர்களில், அவனுடைய சாதனைகள் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கோயில் பிற்காலத்தில் கிறிஸ்தவ ஆலயமாயிற்று. 15-ஆம் நூற்றாண்டில் அதனருகே எழுந்த மசூதியும் இன்று அச்சுவர்களை ஒட்டியே நிற்கின்றது.

ஆயினும், இவ்வூரின் பெயருக்குத் தக்க நிகழ்ச்சி கி.பி. 314-இல் நடந்தது. வேதகலாபனை ஓய்ந்த அக்காலத்தில், சின்ன ஆசியாவையும் சிரியாவையும் சேர்ந்த ஆயர்கள் இங்கே சங்கமாகக் கூடினர். அச்சத்தால் சிலைகளுக்குப் பலியிட்டு விசுவாசத்தினின்று வழுவியவர்களை என்செய்வது? இதுவே அவர்கள்முன் நின்ற கேள்வி. துன்பத்தைத் தாங்கி நிலைத்தவர்களும், நழுவி விழுந்தவர்களும் ஒரே குடும்பத்தில் இருந்தனர். தகப்பன் சிறையிலிருக்க, மகன் பலியிட்டிருக்கக் கூடும்.

ஆயர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. பலவந்தமாகக் கையில் தூபம் திணிக்கப்பட்டவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்றனர். மகிழ்வுடை அணிந்து பலிவிருந்துக்குச் சென்றவர்களுக்கு நீண்ட தவத்தையும், துயருடை அணிந்து விருந்து முழுதும் அழுதவர்களுக்குக் குறுகிய தவத்தையும் விதித்தனர். மனமாற்றத்தைக் கண்டு தவக்காலத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஆயருக்கு உரிமை அளித்தனர். மரணத் தறுவாயிலிருப்போருக்குக் கதவு அடைபடலாகாது என்றும் விதித்தனர்.

உரோமை நகரின் பிரிசில்லா சுரங்கக் கல்லறைகளில், ஆதிக் கிறிஸ்தவர்கள் தம் இறந்தோரின் கல்லறைகள்மேல் நங்கூரத்தைச் செதுக்கினர். நம்பிக்கையே ஆன்மாவின் நங்கூரம் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமடல் கற்பிப்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நேரான இரும்புக் கம்பி கடலடி மண்ணைப் பற்றாது. வளைந்த கொக்கியே பற்றும். அங்காராவில் கூடிய ஆயர்கள் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் விழுந்தவனை நோக்கிக் குனிந்தனர். நம் இல்லங்களிலும் வழிதவறிய மகனோ, பிணங்கிச் சென்ற உடன்பிறப்போ இருக்கலாம். அவர்கள் திரும்பிவரும் நாளில், நமது உறுதி எத்தகையதென்பது அப்போது புலப்படும்.